முதல் மாதத்தில் வெளியூர் ஆட்டம்: முடிவைக் கணிக்க முடியுமா?

2007-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள். அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்னும் நகரில், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அமர்ந்திருந்த விளையாட்டரங்கில் மிச்சிகன் பல்கலைக் கழகக் கால்பந்து அணி அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தைத் தொடங்கியது. நாட்டின் ஐந்தாவது சிறந்த அணி என்று பத்திரிகையாளர் வாக்கெடுப்பு அதைக் குறித்திருந்தது. எதிரணி அப்பலாச்சியன் மாநிலப் பல்கலைக் கழகம். வட கரோலினாவில் பூன் என்ற சிறிய மலையூரிலிருந்து வந்தது. அது இரண்டாம் அடுக்கு அணி. அன்றைய விதிப்படி முதல் அடுக்கு அணி 85 ஆட்டக்காரர்களுக்கு உதவித் தொகை வழங்கலாம். இரண்டாம் அடுக்கு அணிக்கு 63 தான். வந்து ஆடிவிட்டுப் போவதற்காக விருந்தாளி அணிக்கு 4 லட்சம் டாலர் பேசப்பட்டிருந்தது. பெரிய கல்லூரிகள் பருவத் தொடக்கத்தில் சிறிய கல்லூரிகளைக் காசு கொடுத்து வரவழைத்து, தோற்கடித்து அனுப்புவது அங்கே நெடுநாளைய வழக்கம்.

அன்று வழக்கம் பிறழ்ந்தது. ஆட்டம் முடிய 26 விநாடி இருக்கையில் பூன் அணி 34-32 என முந்தியது. கடைசி விநாடிகளில் மிச்சிகன் உதைத்த பந்தைப் பாய்ந்து தடுத்தும் விட்டது. அடுத்த வாரம் வெளியான 25 அணிகளின் பட்டியலில் மிச்சிகனின் பெயரே இல்லை.

"இதை யாராலும் கணித்திருக்க முடியாது" என்று எல்லோரும் சொன்னார்கள். இந்தக் கூற்று எந்த அளவுக்கு உண்மை? ஒரு கல்லூரி அணி பருவத்தின் முதல் மாதத்தில் வெளியூருக்குப் போய் ஆடும் ஆட்டத்தைப் பற்றி, ஆடுவதற்கு முன்பே, கணித முறையில் எதைச் சொல்ல முடியும், எதைச் சொல்ல முடியாது என்பதை ஆராய்வோம்.

ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள்

இங்கே கால்பந்து என்பது நாம் அறிந்த உருண்டைப் பந்து விளையாட்டு அன்று. அமெரிக்கக் கால்பந்தின் பந்து இரு முனையும் கூம்பிய நீள்வட்ட உருவம். பெரும்பாலும் கையில்தான் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 10 கஜம் முன்னேற 4 வாய்ப்புகள். எதிரியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்தால் 6 புள்ளி. அதைத் தொடர்ந்து ஓர் உதைக்கு 1 புள்ளி. தொலைவிலிருந்து கம்பங்களுக்கிடையே உதைத்தால் 3 புள்ளி. ஆகவே 3, 7 என்ற வித்தியாசங்களில் ஆட்டம் முடிவது மிகச் சாதாரணம்.

கல்லூரிகளுக்கிடையே முதல் ஆட்டம் 1869 நவம்பர் 6-இல் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கிடையே நடந்தது. ரட்கர்ஸ் 6-4 என வென்றது. அந்த நாளைய ஆட்டம் இன்றையதைவிட நம்முடைய கால்பந்துக்கே நெருக்கமானது என்பது வேறு கதை. 2025 பருவத்தில் முதல் அடுக்கில் மட்டும் 136 அணிகள் ஆடின. வழக்கமான பருவத்தில் ஓர் அணிக்கு 12 ஆட்டங்கள்தான், வாரத்துக்கு ஒன்று.

நம் சிக்கலின் வேர் இந்த எண்ணிலேயே இருக்கிறது. 136 அணிகளை இரண்டிரண்டாக எத்தனை வகையில் சேர்க்கலாம்? 136 × 135 ÷ 2 = 9,180 இணைகள். அணிக்குப் 12 ஆட்டம் வீதம் பருவம் முழுவதும் நடக்கக் கூடியவை ஏறத்தாழ 800 ஆட்டங்கள். அதாவது பத்து இணைகளில் ஒன்பது இணைகள் நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை. பருவத்தின் முதல் வாரத்திலோ, எந்த இரண்டு அணிகளையும் ஒப்பிட அந்த ஆண்டின் ஆட்டம் ஒன்றுகூடக் கையில் இராது.

சுற்றி வளைத்து ஒப்பிடுதல்

நேரில் மோதாத அணிகளை எப்படி ஒப்பிடுவது? இல்லினாய் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த பிராங்க் டிக்கின்சன் 1926 முதல் தம் சொந்தக் கணக்கு முறையால் அணிகளைத் தரப்படுத்தி வெளியிட்டார். சதுரங்க ஆட்டக்காரர்களுக்கு எண் மதிப்பீடு வகுத்த அர்பாத் எலோவும் தொழிலால் ஒரு பௌதிகப் பேராசிரியர். அவருடைய முறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-இலும் உலகக் கூட்டமைப்பு 1970-இலும் ஏற்றன. இன்று கால்பந்துக் கணிப்பாளர்கள் பலரும் அதன் வழித் தோன்றல்களையே கையாளுகிறார்கள்.

அடிப்படைக் கருத்து எளிது. ஒவ்வோர் அணிக்கும் ஒரு 'வலிமை எண்' இருக்கிறது என்று கொள்வோம். இரண்டு அணிகளின் எண்களைக் கழித்தால் வருவது, பொது மைதானத்தில் அவை மோதினால் எதிர்பார்க்கக் கூடிய புள்ளி வித்தியாசம். நடந்த ஆட்டங்களிலிருந்து இந்த எண்களைப் பின்னோக்கிக் கண்டுபிடிக்க வேண்டும்.

அ என்னும் அணி ஆ-வை 10 புள்ளியில் வென்றது. ஆ அணி இ-யை 4 புள்ளியில் வென்றது. அப்படியானால் அ அணி இ-யை 14 புள்ளியில் வெல்ல வேண்டும் அல்லவா? ஆனால் நடந்தது வேறு: இ அணி அ-வை 1 புள்ளியில் வென்றுவிட்டது! மூன்று சமன்பாடுகளும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. முரணின் அளவு 15. பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத் தொகை மீச்சிறிதாகும்படி எண்களைத் தெரிந்தெடுப்பது லெஜாந்தர் 1805-இல் வெளியிட்ட முறை. அதன்படி இந்த 15 மூன்று ஆட்டங்களுக்கும் ஐந்தைந்தாகப் பங்கிடப்படும். முடிவு: அ, ஆ-வைவிட 5 மேல், அ, இ-யைவிட 4 மேல், ஆகவே இ, ஆ-வைவிட 1 மேல். நேருக்கு நேர் மோதலில் ஆ-விடம் தோற்ற இ அணி, பட்டியலில் ஆ-வுக்கு மேலே நிற்கிறது! இதைக் கேட்டால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். கணக்கு மட்டும் சரியே. ஓர் ஆட்டத்தின் முடிவு வலிமையின் நேர் அளவு அன்று. அதில் வலிமையோடு தற்செயலும் கலந்திருக்கிறது.

முதல் வாரத்தில் இந்தச் சமன்பாடுகளும் இல்லை. அப்போது சென்ற ஆண்டின் எண்ணை எடுத்துக் கொள்வதே வழி. ஆனால் அப்படியே எடுத்துக் கொள்ளக் கூடாது. உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரமாகவே இருந்தாலும் சராசரியில் பெற்றோரைவிடச் சற்றுக் குறைந்தே இருப்பர் என்று கால்டன் 1886-இல் காட்டினார். அணிகளும் அவ்வாறே. சென்ற ஆண்டு சராசரி அணியைவிட 18 புள்ளி மேலே நின்ற அணியை இந்த ஆண்டு 12 என்று வைத்துத் தொடங்குவது விவேகம். கல்லூரி அணிகளில் இந்தச் சரிவு கூடுதலாக இருக்கக் காரணம் உண்டு. மாணவர்கள் படிப்பு முடிந்து வெளியேறுகிறார்கள். 2018-இல் மாறுதல் கோருவோருக்கான பதிவேடு ஏற்பட்டதிலிருந்து, ஒரு கல்லூரியின் ஆட்டக்காரர் மறு ஆண்டு இன்னொரு கல்லூரியின் சட்டையில் நிற்பதும் சாதாரணமாகிவிட்டது. எனவே கணிப்பாளர்கள் சென்ற ஆண்டின் எண்ணோடு, திரும்பி வரும் ஆட்டக்காரர் எத்தனை பேர், புதிதாகச் சேர்ந்தோரின் தரம் என்ன என்பவற்றையும் கூட்டிக் குறைத்துக் கொள்கிறார்கள்.

சொந்த மண்ணின் விலை

அடுத்த கேள்வி, வெளியூரில் ஆடுவதால் எவ்வளவு இழப்பு? அரங்குகளின் வெற்றிக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவோம். முதல் மாதத்தில் உள்ளூர் அணிகள் ஏராளமாக வெல்கின்றன. ஆனால் மேலே கண்டபடி, காசு கொடுத்து அழைக்கப்பட்ட பலவீனமான விருந்தாளிகளையே அவை பெரும்பாலும் வெல்கின்றன. மைதானத்தின் பயனும் எதிரியின் பலவீனமும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

இவற்றைப் பிரிக்க ஒரு நல்ல வழி உண்டு. ஒரே இரண்டு அணிகள் இரண்டு ஊர்களிலும் ஆடிய ஆட்டங்களை எடுத்துக் கொள்ளுங்கள். சொந்த ஊரில் 9 புள்ளியில் வென்ற அணி, எதிரியின் ஊரில் 3 புள்ளியில் வென்றால், வலிமை வித்தியாசம் இரண்டுக்கும் சராசரியான 6. மைதானத்தின் மதிப்பு எஞ்சிய 3. இப்படிப் பல இணைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது கல்லூரிக் கால்பந்தில் சொந்த மைதானத்தின் மதிப்பு ஏறத்தாழ இரண்டரை முதல் 3 புள்ளி என்று கிடைக்கிறது. பலர் எண்ணுவதைவிட இது சிறிய தொகை.

இந்த 3 புள்ளி எங்கிருந்து வருகிறது? பயணக் களைப்பு ஒரு சிறு பங்கு. கூச்சல் இன்னொன்று: விருந்தாளி அணி பந்துடன் முன்னேறும்போது ஒரு லட்சம் பேர் கத்தினால், பந்தைத் தொடங்கி வைப்பவர் கூப்பிடும் குறிச் சொற்கள் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காது, யாராவது முன்கூட்டி அசைந்து 5 கஜம் தண்டனை பெறுவார்கள். வயோமிங் பல்கலைக் கழகத்தின் அரங்கு கடல் மட்டத்துக்கு மேல் 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வருபவர்களுக்கு மூச்சு வாங்கும். நடுவர்களும் மனிதர்களே. 2020-இல் கொள்ளை நோயினால் ஐரோப்பாவில் உருண்டைப் பந்து ஆட்டங்கள் காலி அரங்குகளில் நடந்தபோது, வெளியூர் அணிகளுக்குக் கிடைக்கும் மஞ்சள் அட்டைகள் முன்னைவிடக் குறைந்ததை ஆய்வாளர் பலர் கண்டனர்.

புள்ளியிலிருந்து நிகழ்தகவுக்கு

இப்போது வலிமை எண்களைக் கழித்து, 3 புள்ளியைக் கூட்டியோ குறைத்தோ, "இந்த அணி 7 புள்ளியில் வெல்லக் கூடும்" என்ற நிலைக்கு வந்துவிட்டோம். இதோடு நின்றால் கணிப்பு ஆகாது. 7 என்பது சராசரிதான். நடப்பது அதைச் சுற்றி எவ்வளவு சிதறும்?

நீள்வட்டப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று பௌதிக ஆசிரியராலும் சொல்ல முடியாது. கை நழுவிய ஒரு பந்து 7 புள்ளியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளும். இத்தகைய தற்செயல்களின் திட்ட விலக்கம் ஓர் ஆட்டத்துக்கு 14 புள்ளி என்று எடுத்துக்காட்டுக்காக வைத்துக் கொள்வோம். பருவத் தொடக்கத்தில் அணிகளின் உண்மையான வலிமையும் நமக்குத் தெரியாது. ஒவ்வோர் அணியின் எண்ணிலும் 7 புள்ளி ஐயம் இருப்பதாகக் கொள்வோம். ஐயங்கள் நேராகக் கூடுவதில்லை. அவற்றின் வர்க்கங்களே கூடும். 196 + 49 + 49 = 294. இதன் வர்க்க மூலம் 17-க்குச் சற்று மேல். பருவத்தின் கடைசியில் ஐயம் 3 ஆகக் குறைந்துவிட்டதென்றால், 196 + 9 + 9 = 214; வர்க்க மூலம் 14.6. எத்தனை ஆட்டங்களைக் கண்டாலும் 14-க்குக் கீழே இறங்க முடியாது என்பதைக் கவனியுங்கள். மேதையான கணிப்பாளருக்கும் அந்தப் பந்தின் துள்ளல் தெரியாது.

இயல்நிலைப் பரவலின் அட்டவணையில் 17 என்ற சிதறலை வைத்துப் பார்த்தால், 3 புள்ளி மேலான அணிக்கு வெற்றி நிகழ்தகவு 100-க்கு 57. 7 புள்ளி என்றால் 66. 14 புள்ளி என்றால் 79. 28 புள்ளி என்றால் 95. ஆகவே சமபலம் உள்ள எதிரியின் ஊருக்குப் போகும் அணி 100-க்கு 43 தடவை வென்று திரும்பும். வெளியூர்ப் பயணம் பலர் பேசுவதுபோல் அத்தனை பயங்கரமானது அன்று.

மிச்சிகன் கதைக்குத் திரும்பி வந்து அந்த 95-ஐப் பாருங்கள். 28 புள்ளி பலவீனமான அணியும் 20-இல் ஒரு தடவை வெல்லும். இத்தகைய ஆட்டங்கள் செப்டம்பர் மாதத்தில் ஒன்றிரண்டு அல்ல. 20 ஆட்டங்கள் நடந்தால், அவற்றில் ஒன்றிலாவது பெரிய அணி கவிழும் நிகழ்தகவு 100-க்கு 64. எந்த ஊரில் என்று சொல்ல இயலாது. எங்கோ ஓர் ஊரில் நடக்கும் என்று சொல்லலாம். போதாதற்கு, பூன் அணி 2005, 2006 இரண்டு ஆண்டுகளிலும் தன் அடுக்கின் சாம்பியன். இரண்டாம் அடுக்கு என்ற பெயரைப் பார்த்து எடை போட்டவர்கள் அந்த அணியின் வலிமை எண்ணைப் பார்க்கவில்லை. அடுக்கு வேறு, எண் வேறு. அந்த ஆட்டத்துக்குப் பிறகுதான் இரண்டாம் அடுக்கு அணிகளுக்கும் வாக்களிக்கலாம் என்று பத்திரிகையாளர் வாக்கெடுப்பின் விதி திருத்தப்பட்டது.

டெக்சஸ் அணியின் மூன்று பயணங்கள்

இம்முறையை உண்மை ஆட்டங்களில் வைத்துப் பார்க்க டெக்சஸ் பல்கலைக் கழக அணி நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்டின் நகரத்து இந்த அணி 2023, 2024, 2025 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் பருவம் தொடங்கிய சில நாட்களுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணி ஒன்றின் ஊருக்கே போய் ஆடியது.

2023 செப்டம்பர் 9: ஏறத்தாழ 1,000 கிலோ மீட்டர் தொலைவில் அலபாமா மாநிலத்து டஸ்கலூசா. அலபாமா ஏறத்தாழ 7 புள்ளியில் வெல்லும் என்று பந்தயச் சந்தை மதிப்பிட்டிருந்தது. நம் அட்டவணைப்படி டெக்சசுக்கு 100-க்கு 34. நடந்தது: டெக்சஸ் 34, அலபாமா 24. எதிர்பார்ப்புக்கும் நடப்புக்கும் வித்தியாசம் 17 புள்ளி.

இதிலிருந்து நாம் எவ்வளவு கற்றுக் கொள்ள வேண்டும்? இந்தக் கட்டுரையின் மையக் கேள்வி இதுதான். "அலபாமாவின் காலம் முடிந்தது" என்று பேசியவர்கள் முழு 17-ஐயும் நம்பினார்கள். "ஒரே ஓர் ஆட்டம்தானே" என்று ஒதுக்கியவர்கள் சுழியை நம்பினார்கள். கணக்கு என்ன சொல்கிறது? மொத்த ஐயத்தின் வர்க்கமான 294-இல், டெக்சசின் வலிமையைப் பற்றிய ஐயத்தின் பங்கு 49. அதாவது ஆறில் ஒன்று. அலபாமாவின் பங்கும் ஆறில் ஒன்று. எஞ்சிய ஆறில் நான்கு வெறும் தற்செயல். ஆகவே 17-இல் ஆறில் ஒரு பங்கான ஏறக்குறைய 3 புள்ளியை டெக்சசுக்குக் கூட்ட வேண்டும். அலபாமாவுக்கு 3 குறைக்க வேண்டும். பொது மைதானத்தில் 4 புள்ளி பின்தங்கியிருந்த டெக்சஸ் இப்போது 2 புள்ளி முந்துகிறது. இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்பதே இதன் பொருள். பருவம் முடிந்தபோது இரண்டு அணிகளும் நால்வர் இறுதிச் சுற்றுக்குத் தேர்வு பெற்றன. இரண்டும் அரையிறுதியில் தோற்றன. இரண்டுக்கும் 12 வெற்றி, 2 தோல்வி. கணக்குக்கு இவ்வளவு அழகாகச் சாட்சி சொல்லும் பருவம் அடிக்கடி வாய்க்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2024 செப்டம்பர் 7: ஆன் ஆர்பர். மிச்சிகன் அதற்கு முந்திய பருவத்தில் 15 ஆட்டங்களிலும் வென்ற தேசிய சாம்பியன். சென்ற ஆண்டின் எண்ணை அப்படியே நம்பியிருந்தால் மிச்சிகன் பக்கமே சாய்ந்திருப்போம். ஆனால் பயிற்சியாளர் ஜிம் ஹார்பா தொழில்முறை அணி ஒன்றுக்குப் போய்விட்டார். ஆட்டக்காரர் 13 பேரைத் தொழில்முறை அணிகள் ஒரே ஆண்டில் தெரிந்தெடுத்துக் கொண்டன. பந்தயச் சந்தை, வெளியூரிலிருந்து வந்த டெக்சசே ஏறத்தாழ 7 புள்ளியில் வெல்லும் என்றது. டெக்சஸ் 31-12 என வென்றது. அந்த மிச்சிகனைச் சாதாரண அணி என்று முடிவு கட்டியவர்களுக்கு நவம்பரில் ஒரு பாடம் காத்திருந்தது: அதே மிச்சிகன் கொலம்பஸ் நகருக்குப் போய், பிறகு தேசிய சாம்பியனான ஒகையோ மாநிலப் பல்கலைக் கழகத்தை 13-10 என வீழ்த்தியது. 14 புள்ளித் திட்ட விலக்கம் என்று நாம் வைத்துக் கொண்டது களத்தில் இப்படித்தான் காட்சி தரும்.

2025 ஆகஸ்ட் 30: கொலம்பஸ். வாக்கெடுப்பில் டெக்சஸ் முதலிடம், ஒகையோ மூன்றாமிடம். ஆயினும் ஒகையோ இரண்டு புள்ளி அளவில் மேல் என்றே சந்தை கருதியது. வாக்கெடுப்பு யார் சிறந்தவர் என்று கேட்கிறது. சந்தை யார் ஊரில் ஆட்டம் என்றும் கேட்கிறது. ஒகையோ 14-7 என வென்றது. எதிர்பார்ப்பிலிருந்து விலகல் 5 புள்ளி. அதில் ஆறில் ஒன்று, ஒரு புள்ளிக்கும் குறைவு. நம் கணக்குப்படி இந்தத் தோல்வி டெக்சசைப் பற்றி ஏறக்குறைய எதையும் புதிதாகச் சொல்லவில்லை. வாக்கெடுப்பிலோ டெக்சஸ் முதலிடத்திலிருந்து ஏழாமிடத்துக்கு இறங்கியது.

இரண்டு பயணம் சேர்ந்து வந்தால்

ஓர் அணிக்குத் தொடக்கத்தில் இரண்டு வெளியூர் ஆட்டங்கள். ஒவ்வொன்றிலும் வெற்றி நிகழ்தகவு 0.6. இரண்டிலும் வெல்ல வாய்ப்பு எவ்வளவு? மாணவர் பலரும் 0.6 × 0.6 = 0.36 என்பார்கள். நாணயம் சுண்டுவதற்கு அது சரி. இங்கே அப்படியன்று. நமக்கு அணியின் வலிமை சரியாகத் தெரியவில்லை என்பதை நினைவு கொள்ளுங்கள். அணி உண்மையில் நன்றாக இருந்தால் ஆட்டத்துக்கு 0.8, சுமாராக இருந்தால் 0.4, இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று கொள்வோம். ஓர் ஆட்டத்துக்குச் சராசரி அதே 0.6 தான். ஆனால் இரண்டிலும் வெல்லும் வாய்ப்பு 0.64, 0.16 இவற்றின் சராசரியான 0.40. இரண்டிலும் தோற்கும் வாய்ப்பு 0.16 அல்ல, 0.20. ஒன்றில் வென்று ஒன்றில் தோற்கும் வாய்ப்பு 0.48-இலிருந்து 0.40 ஆகக் குறைகிறது. நமது அறியாமை இரண்டு ஆட்டங்களையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது.

டெக்சசின் முதல் இரண்டு வெளியூர் ஆட்டங்களைப் பாருங்கள். 2023-இல் அலபாமா, பேலர்: இரண்டும் வெற்றி. 2024-இல் மிச்சிகன், வாண்டர்பில்ட்: இரண்டும் வெற்றி. 2025-இல் ஒகையோ, புளோரிடா: இரண்டும் தோல்வி. மூன்று ஆண்டுகளைக் கொண்டு எதையும் நிறுவ முடியாதுதான். ஆனாலும் கயிறு கண்ணுக்குத் தெரிவது போலில்லையா? டல்லஸ் நகரில் ஒக்லஹோமாவுடன் ஆண்டுதோறும் நடக்கும் ஆட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே நடுக்கோட்டுக்கு ஒரு பக்கம் இவர்கள் ரசிகர், மறுபக்கம் அவர்கள் ரசிகர்; அது பொது மைதானம்.

கணிப்பாளருக்கு மதிப்பெண்

"34 விழுக்காடு" என்று சொன்னவர் டெக்சஸ் வென்றதும் பொய்யர் ஆகிவிடுவாரா? இல்லை. அவருக்கு மதிப்பெண் போடும் முறையை அமெரிக்க வானிலைத் துறையைச் சேர்ந்த கிளென் பிரையர் 1950-இல் வகுத்தார். மழை வாய்ப்பு 70 விழுக்காடு என்று சொல்பவரை எடைபோட எழுந்த முறை அது. நடந்தால் 1, நடக்காவிட்டால் 0. அதிலிருந்து சொன்ன நிகழ்தகவைக் கழித்து வர்க்கப்படுத்தி, எல்லாவற்றுக்கும் சராசரி காண வேண்டும். மதிப்பெண் குறைவாக இருந்தால் நல்லது. "நிச்சயம்" என்று சொல்லித் தவறியவருக்கு முழு 1 கிடைக்கும்.

நம் மூன்று ஆட்டங்களுக்கும் போட்டுப் பார்க்கலாமே. டெக்சசின் வெற்றிக்கு 0.34, 0.66, 0.45 என்று சொன்னோம். வெற்றி, வெற்றி, தோல்வி. மதிப்பெண்கள் 0.436, 0.116, 0.203; சராசரி 0.25. எதையும் ஆராயாமல் மூன்று தடவையும் "பாதிக்குப் பாதி" என்று சொல்லிவிட்டுப் போனவரின் மதிப்பெண்ணும் 0.25 தான்! மூன்று ஆட்டங்களில் கணிப்பாளரையும் நாணயத்தையும் பிரித்தறிய முடியாது. நூற்றுக்கணக்கான ஆட்டங்கள் வேண்டும். செப்டம்பரில் நாலு ஆட்டத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு மார் தட்டுகிறவர்களிடம் இந்த எண்ணைக் காட்டலாம்.

12 இடங்களுக்கான கணக்கு

2024 முதல் தேசிய சாம்பியன் பட்டத்துக்கான இறுதிச் சுற்றில் 12 அணிகளுக்கு இடம். தெரிந்தெடுப்பது ஒரு குழு. 2025 டிசம்பரில் டெக்சஸ் 9 வெற்றி, 3 தோல்வியுடன் நின்றது, இடம் கிடைக்கவில்லை. ஒகையோவுக்குப் போகாமல், காசு கொடுத்து ஒரு சிறு கல்லூரியை ஆஸ்டினுக்கு அழைத்திருந்தால் 10-2 ஆகியிருக்குமே என்ற வாதம் உடனே எழுந்தது. வாதத்தில் உண்மை இருக்கிறது. மூன்று தோல்விகளும் பட்டியலில் ஒரே மாதிரிக் கோடுகளாகத்தான் தெரிகின்றன. ஆனால் கொலம்பஸ் தோல்வி எதிர்பார்ப்பிலிருந்து 5 புள்ளியே விலகியது. 29-21 என்ற புளோரிடா தோல்வியோ, பருவம் முழுவதிலும் 4 ஆட்டங்களே வென்ற ஓர் அணியிடம் நேர்ந்தது. என் கருத்தில் டெக்சசின் மேல் ஐயம் கொள்ளக் காரணமாக இருந்தது இரண்டாவதுதான். முதலாவதை அதே தராசில் வைத்தது நியாயமில்லை. இத்தகைய தோல்விகளைச் சமமாக எண்ணினால், பெரிய கல்லூரிகள் செப்டம்பரில் ஊரை விட்டுக் கிளம்புவதையே நிறுத்திவிடும்.

ஒகையோவுடன் செய்த ஒப்பந்தத்தின்படி திரும்பு ஆட்டம் 2026 பருவத்தில் ஆஸ்டினில் என்று குறிக்கப்பட்டது. இரண்டு அணிகளும் 2025 தொடக்கத்தில் இருந்த அதே வலிமையுடன் இருப்பதாக வைத்துக் கொண்டால், 3 புள்ளி ஒரு பக்கத்திலிருந்து கழிந்து மறுபக்கம் சேரும். கொலம்பசில் 2 புள்ளி பின்தங்கிய டெக்சஸ் ஆஸ்டினில் 4 புள்ளி முந்தும். 100-க்கு 45 என்பது 59 ஆகும்.